பழைய ஆயில் எஞ்சினுக்கு எண்ணெய்க் காற்று வடிகட்டி: நாமே செய்து கொள்ளலாம்

ஆயில் எஞ்சினுக்கு டீசல் ஊற்றுகிறோம். குளிர்விக்கத் தண்ணீர் விடுகிறோம். தேய்மானம் குறைய மசகு எண்ணெய் மாற்றுகிறோம். இவை அனைத்தையும் விட அதிக அளவில் எஞ்சின் உட்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. அது காற்று. காசு கொடுக்காமல் கிடைப்பதால் அதைப் பற்றி நாம் எண்ணுவதில்லை.

மின் இணைப்பு இல்லாத நிலங்களிலும், ஆற்று நீரையும் வாய்க்கால் நீரையும் இறைக்க வேண்டிய இடங்களிலும் ஆயில் எஞ்சின்கள் இன்றும் உழைத்து வருகின்றன. அவற்றில் பல, தந்தை வாங்கி மகன் ஓட்டுபவை. இத்தகைய எஞ்சின்களில் முதலில் காணாமற் போகும் உறுப்பு, ஏர் கிளீனர் என்று நாம் சொல்லும் காற்று வடிகட்டிதான். துருப்பிடித்து ஓட்டையாகி விடும். அல்லது பழுது பார்க்கக் கழற்றியவர் மீண்டும் மாட்டாமல் விட்டிருப்பார். அதற்குப் பதிலாகக் காற்றுக் குழாயின் வாயில் கோணித் துண்டையோ பழைய துணியையோ கட்டி ஓட்டுவதைப் பல வயல்களில் காணலாம். சில இடங்களில் அதுவும் இல்லை. "எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். ஓடும், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் தன்னைத் தானே அரைத்துக் கொண்டு ஓடும்.

எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் வீச்சு 110 மி.மீ. உள்ள 5 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக் கொள்ளுங்கள். பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கும்போது உண்டாகும் இடம் 553 கன செ.மீ., அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீதம் 750 முறை காற்றை இழுக்கும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்புவதில்லை என்பதால் நூற்றுக்கு 85 பங்கு என்று கொண்டாலும், நிமிடத்திற்குச் சுமார் 350 லிட்டர், மணிக்குச் சுமார் 21,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. வீட்டு மாடியில் வைக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் 21 கொள்ளும் அளவு இது! அதே ஒரு மணி நேரத்தில் செலவாகும் டீசல் சுமார் 1 லிட்டர்தான்.

அந்த 1 லிட்டர் டீசலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றும் நாம், 21,000 லிட்டர் காற்றை அப்படியே விடலாமா?

தூசி செய்யும் கேடு

வயல் தூசியில் பெரும் பங்கு மணல் துகள். மணலில் உள்ள படிகக்கல், சிலிண்டர் லைனர் செய்யப்பட்ட வார்ப்பிரும்பை விடக் கடினமானது. கண்ணில் விழுந்து உறுத்தும் பெரிய துகளை விட, கண்ணுக்குத் தெரியாத நுண் துகளே எஞ்சினுக்குப் பெரிய எதிரி. பிஸ்டன் வளையத்திற்கும் லைனருக்கும் நடுவே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்திற்குள் அது புகுந்து, சாணைக் கல்லில் வைத்துத் தேய்ப்பது போல இரண்டையும் தேய்த்து விடும். மிஞ்சிய தூசி மசகு எண்ணெயில் கலந்து கீழே இறங்கிப் பேரிங்குகளையும் அரிக்கும்.

தூசி உள்ளே போய்க் கொண்டிருக்கிறது என்பதைக் கீழ்க்கண்ட அறிகுறிகளால் அறியலாம்.

1. கைப்பிடியைச் சுற்றும்போது எஞ்சின் முன்பு போல் எதிர்த்து நிற்காமல் இலகுவாகச் சுற்றும். அழுத்தம் குறைந்து விட்டது என்று பொருள்.
2. காலையில் எளிதில் கிளம்பாது.
3. புகை நீல நிறமாக வரும்.
4. மசகு எண்ணெய் அடிக்கடி குறையும்.

இந்த நிலைக்கு வந்த எஞ்சினுக்கு லைனர், பிஸ்டன், வளையங்கள் மாற்றும் செலவைத் தவிர வேறு வழியில்லை. அதன் பிறகும் வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் புதிய லைனரும் அதே வழியில்தான் போகும்.

எண்ணெய் எப்படித் தூசியைப் பிடிக்கிறது?

எண்ணெய்க் காற்று வடிகட்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. 1940-களில் வந்த வில்லிஸ் ஜீப்பிலும் பெர்குசன் டிராக்டரிலும் இந்த முறையே இருந்தது. காற்று நடுக்குழாய் வழியாகக் கீழிறங்கி, கிண்ணத்தில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பை நோக்கி வந்து, சட்டென்று மேல்நோக்கித் திரும்புகிறது. வேகமாக வந்த மாட்டு வண்டி திடீரென்று திரும்பினால் மேலே ஏற்றிய மூட்டை நேராகப் போய் விழுவதைப் போல, காற்று திரும்பும்போது கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுகிறது. அப்போது கிளம்பும் எண்ணெய்த் திவலைகள் மேலே உள்ள கம்பி வலையை நனைக்கின்றன. எஞ்சிய நுண் தூசி அந்த ஈர வலையில் ஒட்டிக் கொள்கிறது. எண்ணெய் மீண்டும் சொட்டும்போது தூசியையும் கிண்ணத்திற்குக் கொண்டு வந்து விடுகிறது.

இன்றைய காகித வடிகட்டி, எண்ணெய் வடிகட்டியை விட நுண் தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதை அவ்வப்போது வாங்கி மாற்ற வேண்டும், நனைந்தால் கெடும். எண்ணெய் வடிகட்டியைக் கழுவிக் கழுவி ஆண்டுக் கணக்கில் பயன்படுத்தலாம். உங்கள் எஞ்சினுக்கு உரிய வடிகட்டி கடையில் கிடைத்தால் அதையே வாங்கி மாட்டுங்கள். கிடைக்காத பழைய எஞ்சினுக்கே கீழ்க்கண்ட முறை. புதிய எஞ்சின்களுக்கும், காகித வடிகட்டியுடன் வரும் வாகனங்களுக்கும் இது வேண்டாம்.

வேண்டிய பொருள்கள்

இங்குக் கூறும் அளவுகள் மேலே சொன்ன 5 குதிரைத்திறன், 1500 சுற்று எஞ்சினுக்கு உரியவை.

1. உடல்: 15 செ.மீ. உள் விட்டம், 25 செ.மீ. உயரமுள்ள இரும்பு உருளை. 1.6 மி.மீ. தகட்டை உருட்டி ஓரத்தை வெல்டிங் செய்து கொள்ளலாம்.
2. கிண்ணம்: அதே விட்டம், உள் ஆழம் 7 செ.மீ. அடிப்பாகம் மூடியது.
3. நடுக்குழாய்: 2 அங்குல இரும்புக் குழாய், 60 செ.மீ. நீளம். நாகப்பூச்சு உள்ள ஜி.ஐ. குழாய் வேண்டாம். அதை வெல்டிங் செய்யும்போது வரும் புகை உடலுக்குக் கேடு.
4. காற்று வெளியேறும் குழாய்: அதே அளவுக் குழாயில் 8 செ.மீ. துண்டு.
5. மேல் மூடித் தகடு ஒன்று. 3 மி.மீ. கனத்தில் வட்டத் தகடு இரண்டு. ஒவ்வொன்றிலும் 10 மி.மீ. துளைகள் 60 இட வேண்டும். நடுக்குழாய் நுழைய நடுவே ஒரு துளையும் வேண்டும்.
6. கிண்ணத்தையும் உடலையும் இணைக்க 3 மி.மீ. கனமுள்ள இரும்பு வளையம் இரண்டு. உள் விட்டம் 15 செ.மீ., வெளி விட்டம் 19 செ.மீ.
7. எண்ணெயில் ஊறிக் கெடாத ரப்பர் கேஸ்கெட், 3 மி.மீ. கனம்.
8. எவர்சில்வர் கம்பிக் கொசுவலை, 10 செ.மீ. அகலப் பட்டை.
9. துணி இழை உள்ள தடித்த ரப்பர் ஹோஸ், அதற்கு இரண்டு கிளிப்புகள்.
10. போல்ட், விங் நட், செப்பு வாஷர்.

பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருள், தேங்காய் நார், பஞ்சு ஆகியவற்றை வலைக்குப் பதிலாகப் போடவே கூடாது. இவை உதிரும். உதிர்ந்த துண்டு எஞ்சினுக்குள் போனால் தூசியை விடப் பெரிய கேடு விளைவிக்கும். பெயின்ட், பெட்ரோல், டீசல் இருந்த பழைய டின்களை வெட்டி வெல்டிங் செய்ய முயல வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி தீப்பிடித்து வெடிக்கும்.

செய்முறை

முதலில் உடலின் கீழ் விளிம்பிலும் கிண்ணத்தின் மேல் விளிம்பிலும் இரும்பு வளையங்களை மட்டமாக வைத்து வெல்டிங் செய்யுங்கள். இரண்டு வளையங்களையும் சேர்த்துப் பிடித்து, கிண்ணத்திற்கு வெளியே வரும்படி போல்ட்டுத் துளைகள் 4 இடுங்கள்.

உடலின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே ஒரு துளைத் தகட்டை உள்ளே வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இது வலை மேலே எழும்பாமல் தடுக்கும். மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே, பக்கவாட்டில் ஒரு துளையிட்டு வெளியேறும் குழாயைப் பொருத்துங்கள்.

அடுத்து, மேல் மூடியின் நடுவே குழாயைச் செருகுங்கள். மூடியைப் பொருத்தியதும் குழாயின் அடிமுனை, உடலின் கீழ் வளையத்தைத் தாண்டி 3.8 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். இந்த அளவில் தவறக் கூடாது. கேஸ்கெட்டுடன் கிண்ணத்தை மாட்டும்போது குழாய் முனை கிண்ணத்தின் அடியிலிருந்து 3.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். எண்ணெய் 2 செ.மீ. உயரம் இருக்கும், ஆக, குழாய் முனைக்கும் எண்ணெய்க்கும் இடைவெளி 1.5 செ.மீ. இதற்குக் குறைந்தால் காற்று திணறும். எண்ணெயும் மேலே ஏறும். மிகவும் கூடினால் தூசி எண்ணெயில் விழாமல் காற்றோடு திரும்பி விடும்.

வலைப் பட்டையைச் சாய்வான சிறு மடிப்புகளாக மடித்து, நடுக்குழாயைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். உடலின் சுவர் வரை இடைவெளி இல்லாமல் நிரம்ப வேண்டும். வெட்டிய ஓரங்களை உள்ளே மடித்து விடுங்கள். பின் இரண்டாவது துளைத் தகட்டைக் கீழிருந்து நுழைத்து, கீழ் வளையத்திற்கு 5 செ.மீ. மேலே, சுவரில் வெல்டிங் செய்த மூன்று காதுகளில் சிறு போல்ட்டுகளால் பிணையுங்கள். இந்தத் தகடு கழற்றக்கூடியதாக இருந்தால்தான் வலையைக் கழுவ முடியும். நட்டுக் கழன்றாலும் அது எண்ணெய்க் கிண்ணத்தில்தான் விழும், எஞ்சினுக்குள் போகாது.

உடலை 15 செ.மீ. விட்டத்தில் அகலமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. குறுகிய குழாயில் வேகமாக வந்த காற்று அகன்ற இடத்தில் வேகம் தணிந்து ஏறும். வேகம் தணிந்தால் எண்ணெய்த் திவலை கீழே விழுந்து விடும். இடத்தை மிச்சப்படுத்த உடலைக் குறுக்கினால் எண்ணெய் எஞ்சினுக்குள் போகும்.

நடுக்குழாயின் மேல் முனைக்கு 3 செ.மீ. மேலே, மழை நீர் புகாதபடி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூன்று கால்களில் நிறுத்துங்கள். அது கையால் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். அதன் காரணத்தைப் பின்னால் காண்போம்.

வெல்டிங் முடிந்ததும் உட்புறத்தில் ஒட்டியுள்ள கசடுகளைச் சுத்தியால் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டீசலில் கழுவித் துடைக்க வேண்டும். இதை வலை வைப்பதற்கு முன்பே செய்யுங்கள். உட்புறம் பெயின்ட் அடிக்க வேண்டாம். உரிந்து உள்ளே போகும். எண்ணெய் தடவினால் போதும்.

அளவுத் துளை

கிண்ணத்தில் எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுவது ஆபத்து. ஆகவே கிண்ணத்தின் பக்கத்தில் 10 மி.மீ. துளை ஒன்று இடுங்கள். துளையின் கீழ் விளிம்பு கிண்ணத்தின் உட்புற அடியிலிருந்து சரியாக 2 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெளியே ஒரு நட்டை வெல்டிங் செய்து, செப்பு வாஷருடன் போல்ட்டால் மூட வேண்டும். எண்ணெய் ஊற்றும்போது போல்ட்டைக் கழற்றி விட்டு, துளையில் வழியும் வரை ஊற்றி, வழிவது நின்ற பின் மூடுங்கள். சுமார் 350 மி.லி. பிடிக்கும். எஞ்சினுக்கு ஊற்றும் அதே வகைப் புது எண்ணெயை ஊற்றுங்கள். கழிவு எண்ணெய் வேண்டாம்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன்? டீசல் எஞ்சினுக்கு மசகு எண்ணெயும் எரிபொருள்தான். வடிகட்டியில் எண்ணெய் அதிகமானால் காற்றோடு உள்ளே போய் எரியும். அப்போது எஞ்சின் தறிகெட்டு வேகமெடுக்கும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. பிளைவீல் சிதறி உயிருக்கே கேடு வரலாம். காற்றை அடைப்பது ஒன்றே அதை நிறுத்தும் வழி.

மாட்டும் முறை

வடிகட்டியின் எடை முழுவதும் எஞ்சினின் காற்றுக் குழாயில் தொங்கக் கூடாது. அதிர்ச்சியில் குழாய் விரிசல் விடும். தனிச் சட்டம் ஒன்றில் நிமிர்ந்த நிலையில் நிறுத்தி, ரப்பர் ஹோஸால் எஞ்சினுடன் இணைக்க வேண்டும். சைலன்சரின் புகையும் பெல்ட் கிளப்பும் புழுதியும் வராத பக்கமாகக் காற்று வாய் இருக்கட்டும். கிண்ணம் சாய்ந்திருந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஏறி விடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று சோதனைகள்

ஓட்டத் தொடங்கும் முன் கீழ்க்கண்ட மூன்று சோதனைகளையும் செய்யத் தவறாதீர்கள்.

முதலாவது, கசிவுச் சோதனை. இதற்குக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கக் கூடாது. எஞ்சினைச் சுமையில்லாமல் ஓட விட்டு, மேலே கவிழ்த்த கிண்ணத்தை எடுத்து விட்டு, குழாய் வாயை ஒரு தட்டையான மரப் பலகையால் மூடுங்கள். கையால் மூடக் கூடாது. சில நொடிகளில் எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் ஏதோ ஓர் இணைப்பு வழியாகக் காற்று புகுகிறது. ஹோஸ், கிளிப், கேஸ்கெட், வெல்டிங் ஆகியவற்றைப் பார்த்துச் சரி செய்து மீண்டும் சோதியுங்கள். வடிகட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு நூல் கனத்திற்கு ஓட்டை இருந்தால் தூசி அந்த வழியாகப் போய் விடும். மேலும், எஞ்சின் தறிகெட்டால் அதை நிறுத்தப் போவதும் இந்தப் பலகைதான். கசிவு இருந்தால் பலகை வைத்தும் நிற்காது. ஆகவே அந்தப் பலகையை எஞ்சின் கொட்டகையிலேயே கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். எஞ்சின் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அதன் பயனைச் சொல்லி வையுங்கள். பலகை வைக்கப் போகும்போது பிளைவீலுக்கு நேராக நிற்கக் கூடாது. நெருங்க முடியாத நிலை என்றால் விலகி விடுங்கள். எஞ்சினை விட உயிர் பெரிது.

இரண்டாவது, எண்ணெய் ஏறும் சோதனை. எண்ணெய் ஊற்றி 15 நிமிடம் தண்ணீர் இறைத்த பின் எஞ்சினை நிறுத்துங்கள். ஹோஸைக் கழற்றி, வெளியேறும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எண்ணெயில் நனைந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். எண்ணெய் அளவையும் குழாய் முனை இடைவெளியையும் மீண்டும் அளந்து சரி செய்யுங்கள்.

மூன்றாவது, தூசிச் சோதனை. ஹோஸின் உட்புறத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். 10 மணி நேரம் ஓடிய பின் அந்தக் கிரீஸை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுவென்று இருந்தால் தூசி இன்னும் தப்பி வருகிறது என்று பொருள். வழவழப்பாக இருந்தால் நீங்கள் செய்தது நல்ல வடிகட்டி. பார்த்த பின் கிரீஸைத் துடைத்து விடுங்கள்.

வடிகட்டி மாட்டிய பின் கரும்புகை வந்தாலோ, தண்ணீர் முன்பை விடக் குறைந்தாலோ எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. வலையை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்களா, ஹோஸ் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பு

சாதாரண நாட்களில் 50 மணி நேரத்திற்கு ஒருமுறை கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கோடைப் புழுதியிலும், அருகில் கதிரடிக்கும் காலத்திலும் நாள்தோறும் பாருங்கள். அடியில் சேறு அரை செ.மீ. படிந்திருந்தாலோ எண்ணெய் கூழாகி விட்டாலோ முழுவதையும் கொட்டி, கிண்ணத்தைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். சேறு படியப் படிய எண்ணெய் மட்டம் மேலே ஏறும் என்பதால் மேலும் எண்ணெய் சேர்ப்பது மட்டும் போதாது. எஞ்சின் ஓடும்போது கிண்ணத்தைக் கழற்றக் கூடாது.

200 மணி நேரத்திற்கு ஒருமுறை வலையை எடுத்து டீசலில் அலசுங்கள். பெட்ரோலில் கழுவ வேண்டாம். நன்றாக வடிய விட்டு, முழுவதும் உலர்ந்த பின் மாட்டுங்கள். டீசல் சொட்டும் வலையை மாட்டினால் அதையும் எஞ்சின் இழுத்துக் கொள்ளும். வலையில் கம்பி அறுந்திருந்தால் புதிய வலை வைத்து விடுங்கள். கொட்டிய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

பழைய ஜீப் வைத்திருப்போருக்கு

இதே வடிகட்டியைப் பழைய ஜீப்பிற்கு மாட்டலாமா என்று சிலர் கேட்கக் கூடும். கூடாது. வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவு உடையது. 2000 சுற்றில் அது நமது பம்பு செட்டைப் போல ஐந்து மடங்கு காற்றை இழுக்கும். அந்த வேகத்தில் எண்ணெய் அனைத்தும் மேலே ஏறி விடும். தத்துவம் ஒன்றேயானாலும் அளவுகளை எஞ்சினுக்கு ஏற்ப மாற்றியே செய்ய வேண்டும். வேறு அளவுள்ள ஆயில் எஞ்சினுக்கும் இது பொருந்தும். மேலே காட்டிய கணக்கைப் போட்டுப் பார்த்து, காற்றின் அளவு கூடும் விகிதத்தில் குழாயின் குறுக்குப் பரப்பையும் உடலின் பரப்பையும் கூட்டிக் கொள்ளுங்கள். மேற்கூறிய மூன்று சோதனைகளில் தேறிய பிறகே வேலைக்கு விடுங்கள்.

உழவர் பெருமக்களே! இந்த வடிகட்டி பட்டறையில் ஒரு நாள் வேலை. இனி எஞ்சினைக் கிளப்பும் முன் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல, வடிகட்டியில் எண்ணெய் சரியான அளவில் இருக்கிறதா, கிளிப்புகள் இறுகியிருக்கின்றனவா, பலகை அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்து விடுங்கள். தூசியைக் கிண்ணத்தில் பிடித்து விட்டால் லைனருக்குத் தேய்மானம் குறையும். உங்கள் பழைய எஞ்சின் இன்னும் பல போகங்களுக்குத் தண்ணீர் இறைக்கும்.